பர்கூர் மலைக்கு ஒற்றை ஆளாக

(கோவையில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மலைக்குத் தனியாகப் போய்வருவதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கோவைக்காரர்களிடம் மலையைப் பற்றிப் பேச முன்னுரை தேவையில்லை. மொட்டை மாடியில் ஏறினால் மேற்கே வெள்ளியங்கிரியோ வடக்கே நீலகிரியோ கண்ணில் படும். நான் இன்று பேசப்போவது இங்கிருந்து கண்ணில் படாத ஒரு மலையைப் பற்றி. ஈரோடு மாவட்டத்தின் வடகோடியில், அந்தியூருக்கு மேலே, கர்நாடக எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் பர்கூர் மலை. பெயர்பெற்ற அருவியோ படகுத்துறையோ அங்கே இல்லை. செம்மறை மாடுகள் இருக்கின்றன, அவற்றை வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள், மழையை நம்பிய ராகிக் காடுகள் இருக்கின்றன. அவர்களைப் பார்க்கத்தான் நான் பல வருஷமாகப் போய்வருகிறேன்.

நமக்கு அது அந்நிய மலையும் அல்ல. 1979-இல் ஈரோட்டைத் தனி மாவட்டமாகப் பிரிக்கும்வரை பர்கூர் கோயமுத்தூர் மாவட்டத்து ஊர். அதற்கும் முன்னால், 1956-இல் மாநிலங்கள் மொழிவழி பிரியும்வரை, மலைக்கு அந்தப் பக்கத்துக் கொள்ளேகால் தாலுகாவும் மாதேஸ்வரன் மலையும் கோயமுத்தூர் கலெக்டருக்குக் கீழேதான் இருந்தன. கன்னடம் பேசுகிற லிங்காயத்துகள், சோளகர், ஊராளி, மலையாளி என்ற பெயரோடு தமிழ் பேசுகிற மலைமக்கள் எல்லோரும் ஒரே மாவட்டத்துக்காரர்கள். அவர்களில் வயதானவர்கள் இன்றைக்கும் நம் ஊரை "ஜில்லா" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இளைஞர்கள் நிறைய வந்திருக்கிறீர்கள், அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காட்டுக்குள் தனியே நடப்பதைப் பற்றி நான் பேசவில்லை. அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது குற்றம். யானைத் தடத்தில் ஒற்றை ஆளாக நிற்பதோ உயிரோடு விளையாடுவது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனதை மறந்திருக்க மாட்டீர்கள். நான் சொல்லும் பயணம் அந்தியூர் பஸ் நிலையத்தில் தொடங்குவது. வரட்டுப்பள்ளம் அணையைத் தாண்டி, சோதனைச் சாவடியில் நின்று, மெல்ல வளைந்து தாமரைக்கரைக்கு ஏறுகிற பஸ். அப்புறம் தட்டக்கரை, பர்கூர், அதற்கும் அப்பால் எல்லைச் சாவடி. ஊர்ச் சாலை, டீக்கடை பெஞ்சு, யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணை. அதற்குமேல் எந்தச் சாகசமும் இதில் கிடையாது.

கூட்டமாகப் போகிறவர்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டு போய், தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஒற்றை ஆளை மலை சும்மா விடாது. பஸ் அணையைத் தாண்டுவதற்குள் பக்கத்தில் உட்கார்ந்த பாட்டி ஆரம்பித்துவிடுவார்.

"எந்த ஊரு சாமி?"

"கோயமுத்தூருங்க."

"மேல யாரு ஊட்டுக்கு?"

"யாரு ஊட்டுக்கும் இல்லீங்க பாட்டி. சும்மா பாத்துட்டுப் போலாம்னு."

"ஒத்தையிலயா? ஊட்டுல தெரியுமா? ராத்திரிக்கு எங்க படுப்பே?"

இந்தக் கடைசிக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லையென்றால் அதை அவரே தேட ஆரம்பித்துவிடுவார். முன் இருக்கைக்காரரிடம் கன்னடத்தில் கேட்பார், அவர் பின்னால் இருப்பவரைக் கேட்பார். தாமரைக்கரை வருவதற்குள் நான் யார் வீட்டில் சாப்பிடுவது, யார் வீட்டுத் திண்ணையில் படுப்பது, காலையில் எந்த மாட்டுப் பட்டிக்கு யாரோடு போவது என்று எல்லாம் முடிவாகியிருக்கும். இறங்கி அந்த வீட்டு வாசலில் நின்றால் முதலில் வருவது "ஊட்ட ஆய்த்தா?" என்ற கேள்வி. சாப்பிட்டாயா என்று கேட்டபிறகுதான் பேரையே கேட்கிறார்கள். களியும் அவரைப் பருப்புக் குழம்பும் வந்துவிடும்.

அந்த உபசாரத்தில் மயங்கி நின்றுவிடக் கூடாது. அந்தக் கேள்விகளில் அன்பு இருக்கிறது, கூடவே விசாரணையும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே இருப்பதற்குக் காரணம் உண்டு. 1990-களில் இந்த மலைகள் வீரப்பன் தேடுதல் வேட்டையின் களம். காட்டுக்குப் போன ஆளை வீரப்பனுக்கு அரிசி கொடுத்தவன் என்று அதிரடிப்படை பிடித்தது. அதிரடிப்படையிடம் பேசிய ஆளைக் காட்டிக்கொடுத்தவன் என்று வீரப்பன் ஆட்கள் பிடித்தார்கள். தேசிய மனித உரிமை ஆணையம் 1999-இல் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்து விசாரித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்கச் சொல்லி ஆணையம் பரிந்துரைத்தபோது 2007 ஆகிவிட்டது. ச. பாலமுருகன் எழுதிய 'சோளகர் தொட்டி' நாவலைப் படித்தவர்களுக்கு மேற்கொண்டு நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே, தனியாக வந்து நிற்கும் ஓர் அந்நியரைப் பார்த்து "யாரு, எந்த ஊரு, எதுக்கு வந்தே" என்று அந்த மலையில் ஒருவர் கேட்டால், பொறுமையாக, உண்மையாக, கடைசிவரை பதில் சொல்லவேண்டும். அது அவர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய மரியாதை.

மலைக்குப் போய்ப் பார்த்து எழுதும் வழக்கம் இந்தப் பக்கத்தில் எப்படித் தொடங்கியது என்றும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. மறு ஆண்டே, பிடித்த நாட்டில் என்னென்ன விளைகிறது, யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவரும்படி பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவரைக் கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பியது. மைசூரிலிருந்து மலையிறங்கி நம் கொங்குச் சீமையைச் சுற்றிப் பார்த்தார். அவர் எழுதியது 1807-இல் லண்டனில் 3 பாகங்களாக வந்தது. இன்றைக்கும் பயன்படுகிற நூல்தான். கிணறு, ஏர், தறி, வரி என்று எதையும் விடாமல் எழுதியவர். ஆனால் அவர் பரிவாரத்தோடும் கம்பெனி உத்தரவோடும் வந்தவர். கேட்கிற இடத்தில் எப்போதும் அவர் இருந்தார், சொல்லுகிற இடத்தில் எப்போதும் ஊர்க்காரர் இருந்தார்.

அடுத்து, நம் கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன். 1819-இல் நீலகிரிக்கு ஏறினார். தோடர்களின் நில உரிமைக்காகப் பிற்காலத்தில் அவரே அரசோடு வாதாடினார், அதையும் சொல்லத்தான் வேண்டும். இருந்தும் அவர் போட்ட பாதையில் ஏறியவர்கள் அந்தப் புல்வெளிகளை வெற்றிடமாகப் பார்த்தார்கள். எருமை மேய்ந்த நிலத்தில் தேயிலையும் சீகை மரமும் யூகலிப்டசும் வந்தன. அங்கே முன்னாலிருந்தே ஒரு ஏற்பாடு நடந்துகொண்டிருந்ததைப் பார்த்துச் சொல்ல, கேட்டுச் சொல்ல, போதுமான ஆட்கள் இல்லை.

இந்த ஏற்பாடு என்பதைத்தான் நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தேன். பட்டியில் அதைப் பார்க்கலாம்.

பட்டி என்றால் காட்டுக்குள்ளேயோ காட்டை ஒட்டியோ முள்வேலி கட்டி மாடுகளை ராத்திரி அடைத்து வைக்கிற இடம். ஒரு பட்டியில் நூற்றுக்கணக்கில் மாடுகள் நிற்கும். பல வீட்டு மாடுகள் ஒன்றாக. செம்மறை என்கிற இந்தப் பர்கூர் மாடு செம்பழுப்பு நிறத்தில் வெள்ளைத் திட்டுகள் கொண்டது. கொம்பு கூர்மை, கால் உறுதி, மலைச் சரிவில் அதன் நடை வேகம். ரோசமான மாடு, பழக்கி வண்டியில் பூட்டுவதற்குள் ஆள் களைத்துவிடுவார். பால் அதிகம் கறக்காது, கறக்கிற கொஞ்சத்தையும் மருந்து என்கிறார்கள். புதிய ஆளின் வாடை பட்டால் மொத்தப் பட்டியும் தலையைத் தூக்கும். ஆகவே தூரத்திலேயே நின்றுவிட வேண்டும். பட்டிக்காரர் நம்மைப் பார்த்து, மாடுகளுக்குக் குரல் கொடுத்து, அப்புறம் கையசைத்துக் கூப்பிடுவார். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். பட்டி அவர்களுக்குக் கோயிலுக்குச் சமானம்.

விடிகாலையில் கன்றுகளைத் தனியே பிரிப்பதைப் பார்க்க வேண்டும். இருட்டில், பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அந்தந்தப் பசு வருகிறது. எந்தக் கன்று எந்தப் பசுவினுடையது, எந்தப் பசுவின் தாய் எந்தப் பஞ்சத்தில் பிழைத்தது என்பதெல்லாம் எழுதி வைக்காத கணக்கு. எந்த மாதத்தில் எந்தச் சரிவு, எந்தப் பள்ளத்தில் எதுவரை தண்ணீர் நிற்கும், எங்கே யானை இறங்கியிருக்கிறது, மூன்று நாளாகச் சிறுத்தை எந்தப் பக்கம் உலவுகிறது என்பதும் அதே கணக்கில் சேர்த்தி. புலியும் சிறுத்தையும் மாட்டை அடிக்கத்தான் செய்யும். அவர்கள் கும்பிடுகிற மாதேஸ்வரனுக்கோ புலிதான் வாகனம். மாட்டைப் பறிகொடுத்த மறுநாள் அதே சாமியைக் கும்பிட்டுவிட்டு அதே சரிவுக்கு மாட்டை ஓட்டிப் போகிற ஒருவரோடு நான் நடந்திருக்கிறேன். கோபமில்லையா என்று கேட்டேன். "அதுக்கும் பங்கு உண்டல்லங்க" என்றார். இதைத் தத்துவமாக அவர் சொல்லவில்லை, வரவுசெலவு சொல்கிற குரலில்தான் சொன்னார்.

இந்தக் கணக்கு மலையோடு முடிவதில்லை. பட்டிச் சாணம் லாரி ஏறிக் கீழே நம் மஞ்சள் காட்டுக்கும் வாழைக்கும் வருகிறது. மலைமாட்டுக் காளைகள் அந்தியூரை அடுத்த புதுப்பாளையத்தில் ஆடி மாதம் நடக்கும் குருநாதசாமி கோயில் தேர்த்திருவிழாச் சந்தைக்கு இறங்கும். திப்பு காலத்துச் சந்தை என்று சொல்லுவார்கள். வடநாட்டுக் குதிரைகூட வந்து நிற்கும். காங்கேயம் மாட்டோடு பர்கூர் மாட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அந்தச் சந்தையைப்போல இன்னோர் இடம் இல்லை. சோளகர்களும் ஊராளிகளும் சேகரிக்கிற நெல்லிக்காய், கடுக்காய், தேன், சீமாற்றுப் புல், கல்பாசி எல்லாம் கைமாறிக் கைமாறி நம் வீட்டுக்கு வந்து சேர்கின்றன. இந்த மண்டபத்தில் இருக்கிறவர்களில் பிரியாணி சமைக்கிற ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு மலைக்காரரின் கைபட்ட கல்பாசி இருக்கிறது. பழைய காலம் அப்படியே உறைந்து நிற்கிற இடம் என்று நினைத்துக்கொண்டு மலைக்குப் போகிறவர்களுக்கு இந்த உறவு கண்ணில் படாது. நாம் பார்ப்பது இன்றைய வாழ்வு. அதில் நாமும் வாங்குகிறவர்களாக இருக்கிறோம்.

ராகிக் காட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. கதிர் முற்றும் மாதங்களில் ராத்திரி முழுக்க மரத்துப் பரணில் காவல். யானைக்கும் காட்டுப்பன்றிக்கும் ராகி வாசம் அத்தனை பிடிக்கும். ஒரு பரணில் டார்ச் அடித்தால் எதிர்ச் சரிவுப் பரணில் பதில் வெளிச்சம் வரும். தூங்கிவிடாதே என்று அர்த்தம். ஒரு வயலின் விளைச்சலை நான்கு வீடு சேர்ந்து காக்கிறது. இப்போது அந்தப் பரண்களில் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள்தான். பையன்கள் திருப்பூரிலும் பெருந்துறையிலும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கோ உங்களுக்கோ உரிமையில்லை. பள்ளிக்கூடம் தூரம், ஆஸ்பத்திரி அதைவிடத் தூரம், செல்போன் சிக்னலுக்குக்கூட மேடு தேடிப் போகவேண்டிய ஊர்கள் உண்டு. கொங்காடை, சோளகணை போன்ற உள்ளடங்கிய ஊர்களில் இருக்கிறவர்களிடம் உங்கள் வாழ்க்கை எவ்வளவு அழகு என்று சொல்லிவிட்டு நம் வசதிகளுக்குத் திரும்பி வருவது கொடுமை.

மாடு வளர்த்துப் பிழைக்க நினைக்கிறவர்களுக்கும் வழி குறுகிக்கொண்டே வருகிறது. சென்னை உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் காடுகளில் மாடு மேய்ப்பதைத் தடைசெய்தது. முதலில் எல்லாக் காடுகளுக்கும் என்றிருந்த உத்தரவு, சில நாளிலேயே சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு என்று திருத்தப்பட்டது. அதன்பிறகு 2024 ஜனவரியில், அந்தியூர், கோபி வட்டங்களில் சுமார் 800 சதுர கிலோமீட்டர் காடு தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்கும் கர்நாடகத்தின் மலைமாதேஸ்வரா, காவிரி சரணாலயங்களுக்கும் நடுவே இருக்கிற காடு இது. யானைக்கும் புலிக்கும் அந்தத் தொடர்ச்சி வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாடு அதிகமானால் மான் தின்னும் புல் குறையும், நோய் பரவும் என்று வனத்துறை சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நீதிமன்ற உத்தரவையும் சரணாலய அறிவிப்பையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். காடு சரணாலயம் ஆன அன்றே பட்டிக்காரர் அத்துமீறியவர் ஆகிவிடுகிறார். பல தலைமுறையாகக் கட்டணம் கட்டி, அனுமதிச் சீட்டு வாங்கி மேய்த்த அதே சரிவில்.

வன உரிமைச் சட்டப்படியான உரிமைகள் பாதிக்கப்படாது என்று அரசு சொல்லியிருக்கிறது. அந்த 2006-ஆம் ஆண்டுச் சட்டம் மேய்ச்சலைச் சமூக உரிமையாகவே ஒப்புக்கொள்கிறது. பக்கத்து மலையிலேயே உதாரணம் உண்டு: கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலை புலிகள் காப்பகமாக இருந்தும், 2011-இல் அங்குள்ள சோளகர்களின் கிராம சபைகள் சமூக வன உரிமைப் பட்டயம் வாங்கின. அது பழங்குடிகளுக்கு. பர்கூரில் மாடு வைத்திருக்கிற லிங்காயத்துகள் பழங்குடிப் பட்டியலில் இல்லை. மலையாளி மக்களின் நிலைமை இன்னும் விசித்திரம். சேலத்திலும் தர்மபுரியிலும் இருந்தால் அவர்கள் பழங்குடி. பழைய கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்ததால் கடம்பூர், பர்கூர் மலையாளிகள் பட்டியலில் வரவில்லை. நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பட்டியலில் இல்லாதவர்கள் வன உரிமை கோரினால், 2005 டிசம்பர் 13-க்கு முன் 75 ஆண்டுகள், அதாவது மூன்று தலைமுறை, அந்தக் காட்டை நம்பி அங்கே வாழ்ந்ததைக் காட்டவேண்டும். 1930-லிருந்து. மாட்டின் தாய்வழியை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ஒருவரிடம், தாத்தா இங்கே இருந்ததற்குக் காகிதம் கேட்கிறது சட்டம்.

தனியாகப் போகிறவருக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அவர் சாட்சி. கூட்டத்தோடு வந்து படம் எடுத்துப் போனவரிடம் யாரும் பெட்டியைத் திறந்து காட்டமாட்டார்கள். ஒற்றையாக வந்து, கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, களி சாப்பிட்டு, திண்ணையில் படுத்து எழுந்தவரிடம் காட்டுகிறார்கள். பட்டிக்காரர் ஒருவர் தகரப் பெட்டியைத் திறந்து, மடிப்பில் கிழிந்த மேய்ச்சல் ரசீதுகளை என்னிடம் எடுத்துக் காட்டினார். எழுத்து மங்கியிருந்தது, முத்திரை தெரிந்தது. "இதுல என்ன எழுதியிருக்குதுன்னு படிங்க" என்றார். படித்தேன். அவர் அப்பா பெயர், மாட்டின் எண்ணிக்கை, கட்டிய தொகை. ஒவ்வொன்றையும் தேதிவாரியாக அடுக்கி, ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று முழுக்க அதைத்தவிர நான் எதையும் செய்யவில்லை. மலையில் நான் கழித்த பொழுதுகளில் மனசுக்கு நிறைவான பொழுது அதுதான்.

உரிமை கோர ஒரு ரசீது மட்டும் போதாது. வன உரிமைச் சட்டத்தின் விதிகள் ஒன்றுக்கு மேற்பட்ட சான்று கேட்கின்றன. எவையெல்லாம் சான்றாகும் என்றும் அவையே சொல்கின்றன: அரசு ஆவணம், பழைய கெஜட்டியர், கிணறு, இடுகாடு, வழிபாட்டு இடம், பாரம்பரிய மேய்ச்சல் நிலம். உரிமை கோராத பெரியவர்கள் வாய்மொழியாகச் சொல்லி எழுதிக்கொண்ட வாக்குமூலமும் அதில் உண்டு.

பவானி, அந்தியூர், கோபிப் பக்கத்துக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். கோடையில் தீவனம் தீர்ந்தபோது உங்கள் தாத்தா மாடுகளை மலைப் பட்டிக்கு ஓட்டிவிட்டு, மழை பெய்தபின் திருப்பி ஓட்டிவந்த கதையை வீட்டில் கேட்டிருப்பீர்கள். எந்தப் பட்டி, பட்டிக்காரர் யார், எத்தனை மாடு, எந்த வருஷம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் இந்த வாரமே கேளுங்கள். கணக்கு நோட்டிலோ பெட்டியிலோ சாணம் வாங்கிய சீட்டு, காளை வாங்கிய சீட்டு, மேய்ச்சல் கட்டிய சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் நகல் எடுத்துக்கொண்டு அந்தியூர் பஸ் நிலையத்துக்கு வாருங்கள். பர்கூர் ஊராட்சியின் கிராம சபையில் அதைக் கொடுக்கலாம். பஸ்ஸில் உங்களிடம் யாரு வீட்டுக்கு என்று கேட்பார்கள். பட்டிக்காரர் பெயரைச் சொல்லுங்கள்.